தரங்கம்பாடியில் சும்மா இருந்த கதை

ஓய்வெடுக்க எந்தக் கடலோர ஊர் என்று கேட்டால் என் ஓட்டு தரங்கம்பாடிக்குத்தான். ஆனா ராத்திரி அங்கேயே தங்கணும். திருக்கடையூர்ல அபிராமியைக் கும்பிட்டுட்டு, வர்ற வழியில கோட்டை முன்னாடி நாலு செல்ஃபி எடுத்துட்டு, காரைக்கால் பக்கம் வண்டியைத் திருப்புறவங்கதான் அதிகம். அவங்களுக்கு இது அரை மணி நேர ஊர்.

பார்க்கிறதுக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. 1792ல கட்டின நுழைவாயில், அதுக்குள்ள ராஜ வீதி, 1718ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், கடைசியில 1620ல ஆரம்பிச்ச டேனிஷ் கோட்டை. பக்கத்துலயே மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிடுச்சு. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ல அச்சானதும் இந்த ஊர்லதான். எல்லாத்தையும் நடந்தே பார்த்துடலாம். 1845ல டேனிஷ்காரங்க ஊரை ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டுப் போக, வியாபாரம் மெல்ல நாகப்பட்டினம் பக்கம் ஒதுங்கிடுச்சு. அந்த நஷ்டம்தான் இன்னிக்கு நமக்கு லாபம். ராஜ வீதியில மத்தியானம் ஆட்டுக்குட்டிதான் குறுக்கே வருது.

எனக்குப் பிடிச்சது காலை நேரம். ஃபைபர் படகு கரையேறினதும் வலையை மணல்ல விரிச்சு, குடும்பத்தோட உட்கார்ந்து நண்டு பிரிக்கிறாங்க. கொடுக்குல சிக்கின கண்ணியை ஒவ்வொண்ணா நெகிழ்த்தி எடுக்கிறாங்க. நண்டு போனாலும் பரவாயில்லை, வலை கிழியக் கூடாது. என் மனைவி குனிஞ்சு விரலை நீட்டினதும் ஒரு ஆயா, "கண்ணு, அது புடிச்சா விடாது, தள்ளி உக்காரு"ன்னாங்க. தள்ளி உட்கார்ந்தவ எழுந்திரிக்க வெயில் ஏறிடுச்சு. அன்னிக்கு எங்க சுற்றுலாவே அவ்வளவுதான்!

இதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் எழுதின பின்னூட்டம்:

மாயவரத்துக்காரர்: நல்லா எழுதியிருக்கீங்க சார். எங்க ஊர்லேர்ந்து தரங்கம்பாடிக்கு முன்னாடி மீட்டர்கேஜ் ரயில் ஓடிச்சு. எண்பதுகள்ல நிறுத்திட்டாங்க. இப்போ பஸ்தான், வேணுங்கிற அளவு இருக்கு. ஒரே ஒரு விஷயம், குழந்தைகளைக் குளிக்க இறக்காதீங்க. கோயில் பக்கம் பாறாங்கல் கொட்டியிருக்காங்க, அலையும் இழுக்கும். கால் நனைக்கிறதோட நிறுத்திக்கிட்டா நல்லது.

கடலூர் அக்கா: நாங்க போனப்ப 'கடல் பார்த்த அறை'ன்னு சொல்லி ஒரு விடுதியில காசு வாங்கினாங்க. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க். கேட்டதுக்கு, "மாடிக்குப் போனா தெரியும்க்கா"ங்கிறான் பையன். சரி, மாடியிலேயே பாயை விரிச்சோம். காத்து அடிச்சதுல கொசுவே அண்டலை; அறையைவிட அதுதான் சுகம். அதனால ஜன்னலை வீடியோ கால்ல காட்டச் சொல்லிட்டுப் பணம் கட்டுங்க.

கடைசியா நான் சொல்றது: மீனுக்காகப் போறவங்க மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்துக்கோங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்னப் படகு கொண்டு வர்றதுதான், விலையும் கூட இருக்கும். ஐப்பசி, கார்த்திகைன்னா மழை. தை, மாசியில போறதுதான் தோது.