காந்தி ரோடு லாட்ஜ்: பக்கத்து வைஃபை அறுகிறது, நம்ம ஸ்வைப் மெஷினும் சேரவில்லை. உதவி தேவை

கேட்டவர்: வேலூர் காந்தி ரோடு, 4 மாடி லாட்ஜ். மாடிக்கு 3 என்று 12 ஏபி (வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டி), எல்லாம் காரிடார் சீலிங்கில், வைஃபை 6. போன வாரம் ஃபர்ம்வேர் ஏற்றும்போது பாதுகாப்புப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் ஆன் செய்தேன்: டபிள்யூபிஏ3 (புது வகை வைஃபை பாதுகாப்பு), பிஎம்எஃப் கட்டாயம் (வைஃபை கட்டுப்பாட்டுச் செய்திகளைப் போலி செய்ய விடாத காப்பு), ரோக் ஏபி கன்டெயின்மென்ட் (அந்நிய ஏபியை முடக்குவது). அன்றிலிருந்து ரிசப்ஷன் ஸ்வைப் மெஷின் சேரவில்லை. 3-ஆம் மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திடீரென்று போய்த் திரும்ப வருகிறது. பக்கத்து லாட்ஜ்காரர் தன் வைஃபை அறுகிறது என்று சண்டைக்கு வருகிறார். இன்டர்நெட் லைன் நன்றாக இருக்கிறது.

காட்பாடி கேபிள்: சண்டைக்கு வருவது நியாயம்தான் சார். கன்டெயின்மென்ட்டை இப்போதே அணையுங்கள். உங்கள் ஏபி, பக்கத்து ஏபியின் முகவரியைப் போட்டு "வெளியே போ" என்று டீஆத் ஃபிரேம் (இணைப்பை அறுக்கும் செய்தி) அனுப்புகிறது. அவர் கெஸ்ட்களில் பிஎம்எஃப் பேசும் போன் அதை மதிக்காது, பழைய போன் அறுந்துபோகும். அதனால்தான் சிலருக்கு மட்டும் பிரச்சினை இருக்கும். அமெரிக்காவில் இதே வேலைக்கு 2014-இல் மேரியட் ஹோட்டலுக்கு அந்நாட்டு தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 6 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ரோக் ஏபியைக் கண்டுபிடிப்பதை மட்டும் ஆனில் வையுங்கள். காற்றில் தெரிகிற எல்லாம் ரோக் அல்ல. உங்கள் சுவிட்ச் வயரில் யாரோ சொருகியதுதான் ரோக். அதை சுவிட்ச் போர்ட்டை மூடி நிறுத்தலாம்.

கேட்டவர்: அணைத்தேன், பக்கத்தில் சரியாகிவிட்டதாம். ஸ்வைப் மெஷின் இன்னும் அப்படியே.

ஆற்காடு நெட்வொர்க்: பிஎம்எஃப் "கட்டாயம்"தான் காரணம். பழைய ஸ்வைப் மெஷின்களில் பல டபிள்யூபிஏ2-தான், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பிஎம்எஃப் பேசத் தெரியாதது உள்ளே வராது. கெஸ்ட் எஸ்எஸ்ஐடியை (போனில் தெரியும் வைஃபை பெயர்) டபிள்யூபிஏ2/3 கலப்பில், பிஎம்எஃப் "விருப்பம்" என்று வையுங்கள். மெஷினுக்குத் தனி எஸ்எஸ்ஐடி: டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (குறியாக்க முறை), 2.4 மட்டும், 802.11ஆர் (ஏபி விட்டு ஏபி வேகமாகத் தாவும் வசதி) ஆஃப், தனி விலான் (ஒரே வயரில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்), இன்டர்நெட் மட்டும் திறந்திருக்கட்டும், 20 எழுத்து பாஸ்வேர்டு. ஆர் ஆனில் இருந்தால் பழைய சாதனம் பெயரைக் காட்டிவிட்டு சேராமல் நிற்கும், பாஸ்வேர்டு தப்போ என்று தேடி அலைவீர்கள். அதற்காக எஸ்எஸ்ஐடிகளைப் பெருக்காதீர்கள், மூன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் பீக்கன் ("நான் இங்கே இருக்கிறேன்" என்ற அறிவிப்பு) அனுப்பிக் காற்றைத் தின்னும்.

கேட்டவர்: மெஷின் ஓடுகிறது அண்ணா. 3-ஆம் மாடி நடு ஏபி லாகில் "ரேடார் டிடெக்டட், சேனல் 100" என்று நாலு தடவை வந்திருக்கிறது.

ராணிப்பேட்டை ரேடியோ: அது டிஎஃப்எஸ், அதாவது ரேடாரோடு பங்கு போடும் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் ரேடாருக்கு வழிவிடும் விதி. ரேடார் போல ஏதாவது கேட்டால் ஏபி உடனே சேனலை விட வேண்டும், 30 நிமிடம் திரும்பக் கூடாது. போகிற புது சேனலும் டிஎஃப்எஸ் என்றால் 60 விநாடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசும். அதுவரை போன்கள் 2.4-க்கு ஓடும். அரக்கோணத்தில் கடற்படை விமானதளம் இருப்பதை வைத்து உடனே அதன்மேல் பழி போடாதீர்கள். முதலில் மற்ற மாடியில் ஒரு ஏபியையும் 100-இல் வைத்துப் பாருங்கள். ஒரே ஏபி மட்டும் கத்தினால் பெரும்பாலும் பொய் அலாரம்.

எப்படியானாலும் லாட்ஜுக்கு 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டாம். 100-இல் 80 வைத்தால் 112 வரை பிடித்துக்கொள்ளும், அதில் ஒரு துண்டில் ரேடார் கேட்டாலும் மொத்தமும் காலி. 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து, டிஎஃப்எஸ் இல்லாத சேனல்களான 36, 40, 44, 48, 149, 153, 157, 161 ஆகியவற்றில் பரப்புங்கள். மேல்மாடி, கீழ்மாடியில் ஒரே சேனல் எண் வரக் கூடாது.

காரிடார் ஒரு குழாய் மாதிரி. மூன்று ஏபியும் ஒன்றையொன்று நேராகக் கேட்கும். 2.4-ஐ நடு ஏபியில் அணைத்துவிட்டு மீதி இரண்டில் 1, 6, 11 சேனல்களுக்குள், பவர் 8 முதல் 9 டிபிஎம் (சிக்னல் பவரின் அளவு). 5 கிகாஹெர்ட்ஸுக்கு 14 அல்லது 15. அனுமதிக்கும் குறைந்தபட்ச வேகம் 12 எம்பிபிஎஸ். ஸ்வைப் மெஷின் பழைய பி வகை (802.11பி) என்றால் அந்த எஸ்எஸ்ஐடிக்கு மட்டும் 5.5 விடுங்கள். பவரைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பதுதான் தப்பு. ஏபி கத்துவது போனுக்குக் கேட்கும், போன் முனகுவது ஏபிக்குக் கேட்காது.

கேட்டவர்: மாற்றியாகிவிட்டது, ரேடார் பிரச்சினை போய்விட்டது. 304-ஆம் அறையில் கட்டில் பக்கம் மட்டும் சிக்னல் மைனஸ் 74 டிபிஎம்.

ராணிப்பேட்டை ரேடியோ: மைனஸ் 67-ஆவது வேண்டும், பூஜ்யத்தை நெருங்க நெருங்கத்தான் சிக்னல் பலம். நடுவில் பாத்ரூம் டைல்ஸும் குழாயும் வருகிறதல்லவா? நடு ஏபியைக் காரிடாரிலிருந்து எடுத்து 304-க்குள் மாட்டுங்கள். சுவிட்ச்சிலிருந்து கேபிள் 90 மீட்டருக்குள் இருக்கட்டும்.