நெடுந்தீவுத் தரவையில் மரம் நடலாமா?

பூவரசு: கோடையில் நெடுந்தீவின் குதிரைத் தரவைக்கு (குதிரைகள் மேயும் வெட்டவெளிப் புல்நிலம்) போனவர்களுக்குத் தெரியும்: காய்ந்த புல், வெயில், வேறொன்றும் இல்லை. வரும் மாரியில் அங்கே கன்றுகள் நட எங்கள் பிள்ளைகள் ஆயத்தம். யார் உதவுவீர்கள்?

வடலி: நான் மாட்டேன். காய்ந்த புல் செத்த புல் அல்ல. அதன் குருத்து தரையோடு தரையாக இருக்கிறது. குதிரை மேய்ந்தாலும் வெயில் கருக்கினாலும் ஐப்பசி மழைக்கு மீண்டும் துளிர்க்கும். நிழல் விழுந்தால்தான் அதற்குச் சாவு. ஆட்காட்டியும் வானம்பாடியும் திறந்த வெளியில் தரையிலேயே முட்டையிடுபவை. அவற்றுக்குத் தோப்பு எதற்கு?

பூவரசு: குதிரையே போர்த்துக்கீசர் கொண்டுவந்ததுதானே? பெருக்கமரமும் ஆபிரிக்காவிலிருந்து வந்து நிற்கிறது. பிறகென்ன இயற்கை?

வடலி: பெருக்கமரம் அடிமரத்தில் நீரைச் சேர்த்து, வறட்சியில் இலை உதிர்த்துப் பிழைக்கும். அது தனியாக நிற்கிற மரம். நீங்கள் கேட்பது காடு. நெடுந்தீவின் நல்ல தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் கடல்நீரின் மேல் மெல்லியதாக மிதக்கிறது. ஆயிரம் மரங்கள் உறிஞ்சினால் கிணறுகள் உவராகாதா? போதாததற்கு 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகிவிட்டது. நினைத்த இடத்தில் குழி வெட்ட முடியாது.

சங்குப்பிட்டி: வெட்டிப் பேச்சு! சீமைக்கருவேலம் போட்டால் தண்ணீரும் ஊற்ற வேண்டாம், ஆடும் கடிக்காது.

வடலி: ஐயோ, அதை மட்டும் வேண்டாம். 1950களில் அம்பாந்தோட்டையின் உவர் நிலத்தைப் பசுமையாக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். இன்று புந்தல தேசியப் பூங்காவில் நீர்ப்பறவைகளின் கரைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும். மாடு நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு பரப்பும்.

பூவரசு: சீமைக்கருவேலம் நானும் கேட்கவில்லை, வேம்புதான் கேட்டேன். தம்பி, வறட்சியில் குதிரைகள் செத்து விழுவதைப் புல்லின் புகழ் பாடியா தடுப்பீர்கள்?

வடலி: அண்ணா, அவை சாவது தாகத்தால். நம் முன்னோர் தரவைக்குத் தோப்பு வைக்கவில்லை. கேணி வெட்டித் தொட்டி கட்டி, பக்கத்தில் மாடுகள் உடலை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நட்டார்கள். வேம்பை வளவுகளிலும் வீதியோரத்திலும் நடுங்கள், யார் தடுத்தார்? தொட்டிக்குக் காசு சேர்ப்பதென்றால் இன்றே தருகிறேன்.

பூவரசு: தாருங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தரவையின் ஓரத்தில் பத்து வேம்பாவது நடத்தான் போகிறேன்.

வடலி: ஓரம் என்றால் எந்த ஓரம்? வரைபடத்தில் குறித்துப் போடுங்கள், பிறகு பேசுவோம்.