எட்டு போட்டால் போதுமா? பையன் வண்டியிலிருந்து விழுந்த பிறகு

மேடவாக்கம்

என் மகன் இன்ஜினியரிங் முதல் வருஷம். பதினெட்டு முடிந்து, எல்.எல்.ஆர். போட்டு, ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவன். அன்றைக்கு ஹெல்மெட் போட்டிருந்தான், பட்டையும் மாட்டியிருந்தான். ரேஸ் விடுகிற பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்பதற்கு முன்னால் "எவ்வளவு ஸ்பீடுல போனான்?" என்றுதான் கேட்டார்கள்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிய ஒரு சாயங்காலம். சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் வரும் சாலையில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. இவன் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான். முன் சக்கரம் அப்படியே நின்று வழுக்க, வண்டி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். ஆட்டோ மேல் இடிக்கக்கூட இல்லை. இடது காரை எலும்பு முறிந்தது. முகவாயில் தையல். முகவாயை மறைக்காத ஹெல்மெட் அது.

ஓரத்தில் பழம் விற்பவர் ஒருவர்தான் 108-க்குச் சொல்லியிருக்கிறார். ஃபோன் லாக் ஆகியிருந்தாலும் அவசரத் தொடர்பு என்று என் நம்பரை அவன் பதிந்து வைத்திருந்ததால் எனக்கு உடனே அழைப்பு வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஃபோனில் இன்றைக்கே அதைப் பதிந்து வையுங்கள். பிறகு நன்றி சொல்லப் போனபோது அந்தப் பெரியவர் பேர் சொல்லவே தயங்கினார். கோர்ட், கேஸ் என்று இழுப்பார்களோ என்ற பயம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள்: நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பேர், விலாசம் கொடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அவருக்கு அதைச் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை, ஆனால் கொய்யாப்பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆம்புலன்சில் ஒரு தடவை வாந்தி எடுத்ததால் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, ராத்திரி முழுக்க எழுப்பி எழுப்பிப் பார்த்தார்கள். தலையில் ஒன்றுமில்லை. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் உண்டு. தொகைக்கு வரம்பு இருக்கிறது, அதனால் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டு நகலில், என்ன எழுதுகிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். பிறகு இன்சூரன்ஸ், போலீஸ் எல்லாம் அந்த ஒரு தாளைத்தான் கேட்கும்.

அப்புறம் வீட்டில் ஆரம்பித்தது. மாமியார், கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்தார். வண்டி எடுத்த புதிதில் சென்ட்ரல் பக்கம் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்காததுதான் காரணம் என்றார் நாத்தனார். பெரியப்பா புத்தூர் கட்டுக்குக் காரே ஏற்பாடு செய்துவிட்டார். பூசணிக்காய்க்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. புத்தூருக்கு மட்டும் முடியாது என்றேன். காரை எலும்பு நிறைய பேருக்குக் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டாலே கூடிவிடும் என்றுதான் டாக்டரும் சொன்னார். ஆனால் இவனுக்கு முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றதால் பிளேட் வைத்தாக வேண்டியிருந்தது.

கணவர் வண்டியை விற்றுவிடலாம் என்றார். பையன் வாயே திறக்கவில்லை. விற்க வேண்டாம் என்று நான் சொன்னது எல்லாருக்கும் ஆச்சரியம். விற்றால் நண்பன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவான், அவ்வளவுதானே?

எனக்கு உறுத்தியது வேறு. எட்டு போடுவது மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் வைத்துக்கொள்ளும் திறமை. நாற்பதில் போகும்போது எப்படி நிறுத்துவது என்று அந்த மைதானத்தில் யாரும் கேட்பதில்லை. தெருவில் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம்: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்." அதனால் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பழகுவதே இல்லை. திடீரென்று ஒன்று குறுக்கே வந்தால் பயத்தில் கை தானாக அதைத்தான் இறுக்குகிறது. வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு முன் பிரேக்குடையது. ஈரத்துணி பிழிவதுபோல் படிப்படியாக அழுத்தினால் பாரம் முன்னால் வந்து டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஒரேயடியாக அழுத்தினால் பாரம் வருவதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. 125-க்கும் அதற்குக் கீழேயும், இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சி.பி.எஸ். போதும் என்று வைத்தார்கள். இவனுடையது 125. கால் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஆனால் கையால் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் பூட்டுவதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. 'சி.பி.எஸ். இருக்கு, சேஃப்டி' என்று ஷோரூமில் சொல்வதோடு இதையும் சொல்லலாம்.

எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் அனுமதித்த பிறகு, ஞாயிறு காலைகளில் பெரும்பாக்கம் பக்கம் ஆளில்லாத லே-அவுட் ரோட்டுக்குப் போகிறோம். கணவரின் நண்பர் ஒருவர், பல வருஷமாக வண்டி ஓட்டுபவர், சொல்லிக்கொடுக்கிறார். நான் சாக்பீஸ் கோடு போடுகிறேன். இருபதில் நிறுத்து, முப்பதில் நிறுத்து, நாற்பதில் நிறுத்து. நாற்பதில் போனால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். அதாவது சுதாரிக்கிற அந்த ஒரு நொடியில், பிரேக்கைத் தொடுமுன்பே ஒரு பஸ் நீளம் போய்விடும். அந்தத் தூரத்தை நடந்து அளந்தபோதுதான் மகன் முகம் மாறியது. நான் வருஷக்கணக்கில் சொன்ன "மெதுவாப் போ"வுக்கு அந்த முகம் ஒருநாளும் மாறியதில்லை.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்றும் எனக்குக் கை சில்லிட்டுப் போகிறது. அதற்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்

அக்கா, உங்கள் பையனுக்கு லைசென்ஸ் இருந்தது. என் தங்கை மகனுக்கு அப்போது பதினேழு. ட்யூஷனுக்குத்தான் போகிறான் என்று வீட்டில் அப்பா வண்டியைக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். ரோட்டைக் கடந்த ஒரு முதியவர் மேல் இடித்துவிட்டான். அவருக்கு இடுப்பெலும்பு. பையனுக்குச் சிராய்ப்பு மட்டும்.

மைனர் ஓட்டினால் 199ஏ பிரிவு. பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர்தான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மச்சான் "இன்சூரன்ஸ் இருக்கே" என்று தைரியமாக இருந்தார். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கலாம் என்று வக்கீல் சொன்ன பிறகு அவர் சாப்பிடவில்லை.

பதினாறு வயதில் ஓட்டலாமே என்பார்கள். அது 50 சிசிக்குள் உள்ள வண்டிக்கு. அப்படி ஒரு வண்டி இப்போது எந்த ஷோரூமில் இருக்கிறது? 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம், அது உண்மை. ஆனால் "ஸ்பீடு லாக்கை எடுத்துத் தர்றேன் சார்" என்று யாராவது சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். எடுத்த நிமிஷமே அது லைசென்ஸ் தேவைப்படும் வண்டி.

அந்த முதியவர் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். தங்கை மாதாமாதம் போய்ப் பார்க்கிறாள். அவர் வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள், காபி கொடுக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை என்கிறாள்.

தரமணி

ஆன்ட்டி, நானும் முதல் வருஷத்தில் விழுந்தவன்தான், இப்போது கடைசி வருஷம். கோபப்படாமல் கேட்டால் ஒன்று சொல்கிறேன்.

நான் விழுந்த பிறகு அம்மா "கிளம்பிட்டியா", "எங்க இருக்க", "ஏன் எடுக்கல" என்று வழி முழுக்க அழைப்பார்கள். எடுக்காவிட்டால் பயந்துவிடுவார்கள் என்று ஃபோனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசியபடி ஓட்டுவேன். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்துச் சாலை குறுகிய இடத்திலும் அப்படித்தான். இரண்டாவது தடவை விழாமல் தப்பியது அதிர்ஷ்டம். கடைசியில் அப்பா புகுந்து ஓர் ஏற்பாடு செய்தார். கிளம்பும்போது ஒரு மெசேஜ், சேர்ந்ததும் ஒரு மெசேஜ். நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது.

இன்னொன்று. மழை தொடங்கிய முதல் சில நிமிஷம்தான் மோசம், எண்ணெயும் புழுதியும் சேர்ந்து வழவழவென்று இருக்கும். சிக்னல் பக்கம் வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, இவற்றின்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன். லேட்டானால் வீட்டில் திட்டாமல் இருந்தால் போதும்.

மேடவாக்கம்

தம்பி, கோபமே இல்லை. நேற்றுகூட வழியில் அவனை அழைத்தேன், இனி இல்லை. விழுந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டோம். வெளியே ஒரு கீறல்தான், உள்ளே தெர்மாகோல் விரிசல் விட்டிருந்தது. புதிது வாங்க வேண்டும். ஜி.பி. ரோட்டில் என்ன பார்த்து வாங்குவது?

ராயப்பேட்டை

ஹெல்மெட் கடையில் வேலை பார்த்திருக்கிறேன் மேடம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய மலிவு சரக்கு நடைபாதையில் நிறைய கிடைக்கும், நம்பாதீர்கள். இவனுக்கு முகவாய் வரை மூடுவது எடுங்கள். போட்டுப் பட்டையை மாட்டிப் பின்பக்கமிருந்து மேலே தூக்கிப் பாருங்கள், கழன்று வந்தால் வேண்டாம். இடம் வலம் ஆட்டினால் கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். புதிதில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், பஞ்சு பிறகு இளகும். பையனை நேரில் கூட்டி வாருங்கள், தலை அளவை ஃபோனில் சொல்லி வாங்கும் பொருள் இல்லை இது.