புதுப்பிப்பு: டெபியன் பிரிண்டர் நெட்வொர்க்கில் வந்துவிட்டது
யுஎஸ்பி பிரிண்டர் டெபியன் கணினியில் ஒழுங்காக அச்சிடுகிறது, வீட்டிலுள்ள மற்ற லினக்ஸ் லேப்டாப்புகளுக்கு மட்டும் தெரியவில்லை என்று கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

லினக்ஸில் அச்சு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கப்ஸ் மென்பொருள், இயல்பாக லோக்கல்ஹோஸ்ட்டின் (அதாவது தான் இருக்கும் அதே கணினியின்) 631 போர்ட்டை, அந்த இணைப்பு வாசலை, மட்டுமே கவனிக்கும். வெளியிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் அதன் காதில் விழாது. கப்ஸின் அமைப்புக் கோப்பில் அப்படிக் கவனிக்கச் சொல்லும் 'லிசன்' வரியை 'போர்ட் 631' என்று மாற்றி, உள்ளூர் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுத்து, பிரிண்டரைப் பகிரும்படி வைத்தேன்.

அப்புறமும் லேப்டாப்பின் பிரிண்டர் பட்டியலில் வரவில்லை. வெளி இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் டிசிபி 631 திறந்துதான் இருந்தது. ஆனால் பிரிண்டர் இருப்பதையே அவாஹி என்ற அறிவிப்பு மென்பொருள் நெட்வொர்க்குக்குச் சொல்வது யுடிபி என்ற வேறு இணைப்பு முறையின் 5353 போர்ட் வழியாக! அதையும் திறந்ததும் லேப்டாப்பில் தானாக வந்து நின்றது; டிரைவர்கூடக் கேட்கவில்லை. சாம்பா (விண்டோஸ் முறையில் பகிரும் மென்பொருள்) பக்கம் போகச் சொன்னவர்களுக்கு நன்றி, தேவைப்படவில்லை.

இருபக்க அச்சு மட்டும் இன்னும் மக்கர் செய்கிறது.