1.5 லட்சம் கி.மீ. தாண்டிய ஆல்ட்டோ: எதைப் பார்க்கணும், எதை மாற்றணும்?

796 சிசி, மூன்று சிலிண்டர் எஃப்8டி இன்ஜின் உள்ள பழைய ஆல்ட்டோவும் ஆல்ட்டோ 800-ம் வைத்திருப்பவர்களுக்கு இது. கே10 வண்டியில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். பெல்ட் பற்றிய பகுதியை கே10 வைத்திருப்பவர்கள் தாண்டிவிடலாம்.

இந்த இன்ஜின் ஓடித் தேய்ந்து கெடுவதைவிட, சூடேறிக் கெடுவதுதான் அதிகம். அதற்கு முதல் காரணம் போர் தண்ணீர். கூலன்ட் குறைந்தால் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வெளியே பார்க்க ரேடியேட்டர் நன்றாகவே இருக்கும், உள்ளே பாதி அடைத்திருக்கும். கான்சன்ட்ரேட் கூலன்ட் வாங்கி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்கணும். பழையதை வடித்து, நல்ல தண்ணீர் விட்டு ஓடவிட்டு, ஆறவைத்துத் திரும்ப வடிக்கணும். வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை இதையே செய்யணும். புதுக் கலவை ஊற்றியதும் மூடியைத் திறந்தே வைத்து ஐடிலில் விடுங்கள். குமிழி நின்று, ஃபேன் இரண்டு தடவை ஓடி அடங்கிய பிறகுதான் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். ஃபேனைச் சோதிக்கும்போது ஏசி அணைந்திருக்கணும்.

கூலன்ட் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு" என்று கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர வெகுநேரமாகும். அதுவரை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாகவே விடும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி, பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். பழைய தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறதா என்று வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். அதன் வால்வு இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலைப் பிடித்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். வால்வு திறந்த நொடியில் நூல் நழுவித் தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டும் டிகிரி, அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணுக்கு அருகில் இருக்கணும்.

இன்ஜினின் கிராங்க், கேம் என்ற இரு தண்டுகளையும் சேர்த்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டை 1 லட்சம் கி.மீ.க்குள் மாற்றிவிடணும். பழைய பில் இல்லாமல் வாங்கிய வண்டி என்றால் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வயசும் கணக்கு. அந்தப் பக்கம் பிரித்த கையோடு டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), கிராங்க் சீல், கேம் சீல், வாட்டர் பம்ப் எல்லாம் பாருங்கள். சீல் கசிந்து ஆயில் பட்டால் புது பெல்ட்டும் ஊறிக் கெட்டுவிடும். மாட்டி முடித்ததும் சாவி போடக்கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, இன்ஜின் சுற்றும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, டைமிங் குறிகள் திரும்ப நேராக நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

—

சார், தெர்மோஸ்டாட் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. ஆயில் குடிக்கும் வண்டிகளுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீலப்புகை வந்தாலே "இன்ஜின் வேலை" என்று பயப்பட வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். வேகம் எடுக்கும்போதெல்லாம் வந்துகொண்டே இருந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படணும். இரண்டுக்கும் முன்னால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வரணும். வராவிட்டால் அடைத்திருக்கிறது, இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி ஆயில் வேறு வழியில் வெளியேறும். மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உருவாகும் அழுத்தம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி கிராங்க் செய்யணும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால், அந்தப் பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு, இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு). இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஹெட்டைக் கழற்றியே ஆகணும் என்றால், லேத்தில் கொடுத்துச் சமதளம் பார்க்காமல் மாட்டக்கூடாது. ஒருமுறை சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புதுக் கேஸ்கெட் போட்டாலும் சில மாதத்தில் அதே கசிவு வரும்.

—

அண்ணா, இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம், பாடி போனால் வண்டியே போச்சு. கடலோர ஊர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்கணும்.

கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அதில்தான் வெளியேறணும். மழைக்காலத்துக்கு முன்னால் விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொன்றையும் குத்திவிடுங்கள். சேறும் துருவும் பொலபொலவென்று கொட்டும். புங்க மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கம் இலையும் பூவும் சேர்ந்து தண்ணீர் வழியை அடைத்துவிடும். பிறகு அது கால் வைக்கும் இடத்துக்குள் இறங்கும். மேலே ரப்பர் மேட் காய்ந்திருக்கும், அதற்கடியில் இருக்கும் விரிப்பு மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். தரை அங்கிருந்துதான் ஓட்டையாகும். மேட்டோடு சேர்த்து விரிப்பையும் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும், ஜாக்கி வைக்கும் இடத்திலும் அப்படியே. அங்கே ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு இருந்தால் அண்டர்கோட்டிங் (அடிப்பாகத்துக்கான துருத்தடுப்புப் பூச்சு) அடித்து மூடக்கூடாது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் வைத்து, பிரைமர் அடித்த பிறகுதான் அண்டர்கோட்டிங்.

வண்டியைத் தூக்கியபோதே முன்சக்கரங்களுக்கு உட்புறம் பாருங்கள். ரிம்மில் கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது. உடனே பூட்டை மட்டும் மாற்றி, கிரீஸ் வைத்துக் கிளிப் போட்டால் போதும். விட்டுவிட்டால் மண் புகுந்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் டக் என்று கேட்கும். அப்புறம் ஜாயின்ட்டே மாற்றணும்.

—

ஒரே ஒரு சேர்க்கை: கிளட்ச் கேபிள். பெடல் கனமாகிவிட்டது என்றதும் கிளட்ச் செட்டை மாற்றாதீர்கள். கேபிளின் இரு முனையையும் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். உள்ளே கரகரவென்று பிடித்தால் கேபிளை மட்டும் மாற்றுங்கள். நான்காவது கியரில் மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால்தான் பிளேட் தேய்ந்திருக்கிறது. அப்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே போடணும். கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கும் கூலி மிச்சம்.