ஜவ்வரிசித் தரநிலைக்கு விக்கியில் என்ன தலைப்பு?

மரவள்ளி_ஆத்தூர்:
சேலத்துத் தொழில்களோடு தொடர்புள்ள இந்தியத் தரநிலைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப்போகிறோம். முதலில் ஜவ்வரிசிக்கான ஐஎஸ் 899, அடுத்து துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்கான ஐஎஸ் 6911. தலைப்பு "ஐஎஸ் 899:1971" என்றா, "ஜவ்வரிசித் தரநிலை" என்றா? ஐ.எஸ். என்று புள்ளி வைக்கணுமா?

செவ்வாய்ப்பேட்டை:
ஆண்டை எடுத்துவிடுங்க. தரநிலை திருத்தப்பட்டால் எண் அப்படியே இருக்கும், ஆண்டுதான் மாறும். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 வெளிவந்தது 1953இல். பிறகு 1957, 1964, 1978, 2000 என நாலு திருத்தம். தலைப்பில் ஆண்டு இருந்தால் ஒவ்வொரு முறையும் பக்கத்தை நகர்த்தணும், இல்லாவிட்டால் ஒரே விஷயத்துக்கு ஐந்து பக்கம் முளைக்கும். பதிப்பு விவரம் கட்டுரைக்குள் ஒரு அட்டவணையில் போதும். தமிழ்99 விசைப்பலகை வேறு கதை. அங்கே 99 பெயரோடு ஒட்டியது.

புள்ளி வேண்டாம். உலகத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் பெயர் முதலெழுத்துச் சுருக்கமே இல்லை, 'சமம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்த பெயர். அதற்குப் புள்ளியில்லாமல் ஐஎஸ்ஸுக்கு மட்டும் வைத்தால் தேடுபவர் குழம்புவார். புள்ளியுள்ள வடிவத்துக்கு ஒரு வழிமாற்று (தேடுபவரைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு) போடுங்க.

ஏற்காடு_அடிவாரம்:
வெறும் எண் யாருக்குப் புரியும்? ஆனாலும் எண்ணுக்குப் பதிலாகப் பொருளின் பெயரை வைப்பதும் தப்பு. தாள் அளவுகளுக்கான ஐஎஸ்ஓ 216ஐ "ஏ4 தாள்" என்று வைத்தால், அந்த ஆவணத்தில் வரும் பி வரிசை எங்கே போகும்? ஆவணம் வேறு, பொருள் வேறு. 304 எஃகும் அப்படித்தான்: ஏறக்குறைய 18% குரோமியம், 8% நிக்கல் கொண்ட ஒரு வகை அது, தரநிலை எண் அல்ல. அதை ஐஎஸ் 6911க்கு வழிமாற்றாதீங்க.

ஜவ்வரிசி விஷயத்தில் தனிக் கட்டுரையே தேவையா என்று பாருங்க. ஈரப்பதம், சாம்பல் அளவு வரம்புகளைத் தாண்டி எழுத ஒன்றுமில்லையென்றால், "ஜவ்வரிசி" கட்டுரையில் ஒரு பகுதியாகச் சேர்த்து, "ஐஎஸ் 899"ஐ அந்தப் பகுதிக்கு வழிமாற்றலாம். பிறகு யாராவது பகுதித் தலைப்பை மாற்றினால் இணைப்பு கட்டுரையின் தலையில் போய் நிற்கும். அந்தப் பகுதித் தலைப்பின் அருகே, தொகுப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு மறைகுறிப்பு எழுதி வையுங்க.

குறுக்குச்சாலை:
ஆங்கில எழுத்தில் வழிமாற்று போடும்போது IS என்ற இரண்டெழுத்தை அடுத்து முக்காற்புள்ளி (:) வந்தால் பக்கமே உருவாகாது. அது ஐஸ்லாந்து மொழி விக்கிக்கான முன்னொட்டு! இடைவெளி விட்டு எண்ணை எழுதுங்க.

ஆவணத்தின் முழுப்பெயரை மொழிபெயர்த்துத் தலைப்பாக்கும் ஆசையும் வேண்டாம். தலைப்புக்கு வரம்பு 255 பைட். தமிழில் 'க' 3 பைட், 'கோ' 6, 'க்' கூட 6. நீளப்பெயர் பாதியில் முட்டும்.

மரவள்ளி_ஆத்தூர்:
அப்போ 899 "ஜவ்வரிசி"க்குள், 6911 தனியாக. "ஐஎஸ்ஐ 899" என்றும் தேடுவாங்களே, அதற்கும் வழிமாற்று போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை:
போடுங்க. தரநிலைகளை வெளியிடும் நிறுவனத்தின் பெயர் ஐஎஸ்ஐ என்பதிலிருந்து பிஐஎஸ் என்று 1987இலேயே மாறிவிட்டது, ஆனால் கடைத்தெருவில் இன்னும் ஐஎஸ்ஐதான்.