ஸ்டீராய்டு தொடங்கிய பின் ஏறும் சர்க்கரை: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள என் அப்பா, நுரையீரல் தொற்றுக்காக ஆறு நாட்களாக மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கிறார். மூச்சுத்திணறலுக்காகக் காலையில் ஸ்டீராய்டு ஊசி போடத் தொடங்கிய நாளிலிருந்து, வெறும் வயிற்றில் 130 காட்டும் சர்க்கரை, மாலைக்குள் 340ஐத் தாண்டிவிடுகிறது. வழக்கமான மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்திவிட்டு, விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அளவுக்கேற்ப மட்டும் அவ்வப்போது இன்சுலின் போடுகிறார்கள்.

ஏறிய பிறகு துரத்திப் பிடிக்கும் இந்த முறையைவிட, நாள் முழுவதும் வேலை செய்யும் இன்சுலினையும் உணவுக்கு முன் போடும் இன்சுலினையும் சேர்த்துத் தருவதே மேல் என்றும், உள்நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 140 முதல் 180 வரை இருந்தால் போதும் என்றும் படித்தேன். ஆனால் நேற்று முன்தினம் இரவு, இன்சுலின் ஊசி போட்ட பின் சாப்பாடு வரத் தாமதமானதால் 62க்கு இறங்கி, அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. உண்மையில் அந்த இறக்கம்தான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது.

இன்சுலின் தரும் முறையை மாற்றலாமா என்று மருத்துவர் மனம் கோணாமல் எப்படிக் கேட்பது? ஸ்டீராய்டைக் குறைத்தபோது உங்கள் வீட்டு நோயாளிகளுக்கு இன்சுலினை எப்படி மாற்றினார்கள்? வீடு திரும்பும் முன் எவற்றையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்? மருந்தளவை மட்டும் இங்கே யாரும் பரிந்துரைக்க வேண்டாம்.